பழம் சொல்ல மாட்டேன்

போன வாரம் கதையை எங்கே விட்டோம்? பட்டாணி பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி, பையைக் கூடத்தில் வீசிவிட்டு, "நாளையிலேருந்து நான் ஸ்கூலுக்கே போகல, போ!" என்று போர்வைக்குள் புகுந்துகொண்டாளே, அந்த இடத்தில்.

பட்டாணி ஏழாம் வகுப்பு. பிறந்தபோது கையளவு இருந்தாளாம், அப்போது வைத்த செல்லப் பெயர். இப்போது அம்மாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த வேனை ஓட்டுவதே அவள் அம்மாதான். பிள்ளைகளுக்கு டிரைவர் ஆன்ட்டி, பெற்றோருக்கு டிரைவரம்மா. நமக்கும் அதுவே இருக்கட்டும்.

போர்வையை உருவிப்போட்டு விசாரித்ததில் டிரைவரம்மாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தகவல்தான். அத்தை மகள் காய் விட்டுவிட்டாள்.

அத்தை மகள் என்றால் டிரைவரம்மாவின் நாத்தனார் பெண். அதே வகுப்பு, அதே வேன். அவளுக்கு டிரைவரம்மா மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் மகாராணி. வாய்விட்டுச் சொன்னால் குடும்பம் ரெண்டுபட்டுவிடும் என்பதால் மனசோடு சரி. மகாராணி சுண்டு விரலை நீட்டி "காய்" என்றால் அவளைச் சுற்றியிருக்கும் கூட்டம் மொத்தமும் காய். தண்ணீர் பாட்டில் கேட்டால்கூட ஒருத்தியும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

காய் விடுவது நமக்குத் தெரியாததா? ஒரு ரப்பருக்காகக் காய் விட்டு, மணி அடிப்பதற்குள் ரெண்டு விரலை நீட்டிப் பழம் சொல்லி, தோளில் கை போட்டுக்கொண்டு போனவர்கள்தானே நாமெல்லாம்? டிரைவரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததோடு நின்றிருந்தால் தேவலை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க மாட்டாமல் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, பிள்ளைங்க ரெண்டும் ஏதோ முறைச்சிக்கிட்டு நிக்குது போலிருக்கு. நீங்க கொஞ்சம் சொன்னீங்கன்னா..."

"நான் சொன்னா கேப்பா. ஆனா உன் பொண்ணுதான் முதல்ல வந்து பழம் சொல்லணும். என் பொண்ணு ரொம்ப மனசு நொந்து போயிருக்கா."

"அதுக்கென்ன அண்ணி, சொல்லச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினாள். "ஒரு வார்த்தைதானேடி? சொன்னா வாய் வெந்தா போயிடும்? அத்தை பொண்ணு, நாளைக்கும் மூஞ்சில முழிக்கணும். பேசாம பழம் சொல்லிட்டு ஆகற வேலையைப் பாரு."

பட்டாணி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்று அம்மாக்காரி எடுத்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த முதல் முட்டாள்தனம்.

காலையில் வேன் கிளம்பியது. நாத்தனார் வீட்டு முனையில் மகாராணி ஏறினாள். ரெட்டைப் பின்னல், தேய்த்த மடிப்பு கலையாத சீருடை, நிமிர்ந்த நடை. நேராக வந்து பட்டாணியின் பக்கத்தில் நின்றாள்.

டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாணி ரெண்டு விரலை நீட்டி முணுமுணுத்தாள். பழம்தான். மகாராணி உடனே விரலைத் தொடவில்லை. குனிந்து காதில் ஏதோ சொன்னாள். சொன்னது சின்ன விஷயமாக இருக்க முடியாது, நேரம் பிடித்தது. பட்டாணியின் முகம் சுண்டிப்போனது. வெயில் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது என்று டிரைவரம்மா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசியில் மகாராணி விரலைத் தொட்டாள்.

அப்பாடா! தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது டிரைவரம்மாவுக்கு. கியர் மாற்றும்போது பாட்டுக்கூட வந்தது.

மகாராணியின் கூட்டத்துப் பெண்கள் மூவரும் வழியில் ஏறிக்கொண்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் ஏறி வேன் நிரம்பிவிட்டது. அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. பட்டாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகாராணி எழுந்து முன்வரிசைக்குப் போனாள். அங்கே இருந்தவள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி இடம் கொடுத்தாள். இப்போது மொத்த வேனிலும் காலியாக இருந்தது ஒரே இடம், பட்டாணிக்குப் பக்கத்தில்.

இப்போதுதானே பழம் சொன்னார்கள், அதற்குள் எதற்கு எழுந்து போகிறாள் என்று டிரைவரம்மாவுக்குப் புரியவில்லை.

சலவைக்கடை நிறுத்தத்தில் புதுசு ஏறினாள்.

புதுசு பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. மற்றவர்கள் எல்லாம் ஒண்ணாம் வகுப்பிலிருந்து சேர்ந்தே படித்தவர்கள் என்பதால் இவள் இன்னும் புதுசுதான். சத்தமாகச் சிரிக்கும் பெண். எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேரே பதில் சொல்லும் பெண். மகாராணிக்கு ஆகாமல் போக இந்த ரெண்டும் போதாதா?

அவள் காலியிடத்தைப் பார்த்து வந்தாள். பட்டாணி பையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாள்.

"இங்க ஆளு வருது."

"இதுக்கு மேல ஸ்டாப்பே இல்லையே. யாரு வராங்க?"

"யாரோ. உனக்கென்ன? உன் பக்கத்துல உக்கார இங்க யாருக்குமே பிடிக்கல. ஸ்கூல்லயும் யாருக்கும் பிடிக்கல. போதுமா?"

குரல் நடுங்கியது. ஆனாலும் வேன் முழுக்கக் கேட்டது. முன்வரிசையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு, அதைத் தொடர்ந்து இன்னும் ரெண்டு.

டிரைவரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசியது தன் வயிற்றில் பிறந்ததுதானா? பிரேக்கை மிதித்தாள். தன் பக்கத்து சீட்டில் இருந்த முதலுதவிப் பெட்டியையும் தண்ணீர் கேனையும் காலடிக்குத் தள்ளிவிட்டுக் கூப்பிட்டாள்.

"இங்க வா கண்ணு. முன்னால வந்து உக்காரு."

புதுசு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு டிரைவரம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அவ சொன்னதை மனசுல வெச்சுக்காதே, என்ன?"

"அவ உங்க பொண்ணுதானே ஆன்ட்டி?"

டிரைவரம்மா கியரை மாற்றினாள். வேறென்ன செய்வாள்?

பள்ளி வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். டிரைவரம்மா பட்டாணியின் கையைப் பிடித்து வேனுக்குப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடி பேச்சு அது? யாருகிட்ட கத்துக்கிட்டே? ஒரு பிள்ளையை அத்தனை பேர் முன்னாடி..."

"நீதானேம்மா பழம் சொல்லச் சொன்னே?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"இதான்மா பழம்!" பட்டாணி கையை உதறினாள். கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "போன வாரம் எல்லாரும் அவளைக் காய் விடணும்னு சொன்னாங்க. நான் மாட்டேன்னேன். அவ எனக்கு ஒண்ணும் பண்ணலியே, எதுக்குன்னு கேட்டேன். அதுக்குத்தான் எனக்குக் காய். இப்ப பழம் வேணும்னா அவ மூஞ்சிக்கு நேரா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, நான் சொல்லணும். சொல்லிட்டேன். ஒரு வார்த்தைதானே? வாய் வேகல. உனக்கு இப்ப சந்தோஷமா?"

மணி அடித்தது. முகத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

டிரைவரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் மகள் சரியாகத்தான் நடந்திருக்கிறாள். ஒண்டியாக நின்று "மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். போர்வைக்குள் அழுதாலும் அதை விட்டுக்கொடுக்காமல்தான் அழுதிருக்கிறாள். அதைப் பிடுங்கிப் போட்டது யார்? பெற்றவள்தான்! என்ன ஏது என்று கேட்காமல், சமாதானம், சமாதானம் என்று பறந்து, பெண்ணைக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்தின் காலடியில் தள்ளியது அவள்தான். 

காலி வேனில் ஏறி உட்கார்ந்தாள். கோபம் முதலில் மகாராணி மேல் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பன்னிரண்டு வயசுப் பிள்ளை இந்த வித்தையை எங்கே படித்திருக்கும்?

நாத்தனார் காய் என்று வாயால் சொல்ல மாட்டாள். "எனக்கு மனசு சரியில்ல" என்பாள். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். இவர்கள் வீடு மாறியதைத் தன்னிடம் கடைசியாகச் சொன்னார்கள் என்று ஒரு தடவை மனசு சரியில்லாமல் போனது. கொழுந்தன் மனைவியோடு டிரைவரம்மா கடைக்குப் போனதற்கு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் டிரைவரம்மாவின் கணவர் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்பார். அக்கா ஒரு நிபந்தனை போடுவாள். கொழுந்தன் மனைவியோடு ஒட்டாதே என்பாள். இவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

மகாராணி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் பார்த்ததைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நேற்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அதுக்கென்ன அண்ணி" என்று குழைந்தாளே டிரைவரம்மா, அவளும் ரெண்டு விரலை நீட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

மதிய இடைவேளையில் வகுப்பு டீச்சரைப் பார்க்கப் போனாள். டீச்சர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்மா. நான் என்ன சும்மாவா இருந்தேன்? எல்லாரையும் நிக்க வெச்சு, 'நாம எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்'னு சொல்ல வெச்சேன். கை குலுக்க வெச்சேன்."

"அப்புறம்?"

"நான் போர்டு பக்கம் திரும்பினதும் கையைப் பாவாடையில துடைச்சுக்கிட்டாங்க."

"எல்லாரும் எல்லாருக்கும் ஃப்ரெண்டா இருக்க முடியுமா மிஸ்? உங்களால முடியுமா?"

டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். ஆசிரியர் அறையின் அந்தக் கோடியில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியில் இவள் மட்டும் தனியாக.

"ஏம்மா என் வாயைக் கிளறுறீங்க?" என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "இங்கயே அதுதான் நடக்குது. அந்த மேஜையில உக்காரணும்னா இன்னொருத்தரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும். எனக்கு வரல. அதான் இங்க உக்காந்திருக்கேன்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கும் வந்தது.

"ஃப்ரெண்டா இருன்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது மிஸ். ஆனா, 'நீ எனக்கு ஃப்ரெண்டா இருக்கணும்னா அவளைத் தள்ளி வை'ன்னு ஒருத்தி சொன்னா, அது ஃப்ரெண்ட்ஷிப்பே இல்லைன்னு சொல்லிக் கொடுக்கலாமில்ல? அதை ஒருத்தரும் சொல்லித் தரலியே. நானே சொல்லித் தரல."

"நாளைக்கு முதல் பீரியட் பாடத்தை எடுத்து வெச்சுட்டு இதைப் பேசறேன்" என்றாள் டீச்சர். "ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டா கேக்கட்டும்."

சாயங்காலம் பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். டிரைவரம்மா இன்ஜினைக் கிளப்பவில்லை. இருக்கையில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. காலையில இந்த வண்டியில ஒரு பிள்ளை உக்கார இடமில்லாம நின்னா. தப்பு என் பொண்ணு பண்ணினது. அவளைப் பண்ண வெச்சது யாருன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பேர் சொல்ல மாட்டேன்."

மகாராணி ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

"யாரு யாருக்கு ஃப்ரெண்டுங்கறது உங்க இஷ்டம். அதுல நான் மூக்கை நுழைக்க மாட்டேன். பிடிக்கலைன்னா பேசாதீங்க, நல்லா இருங்க. ஆனா, 'நீயும் அவளோட பேசாதே'ன்னு இன்னொருத்தியை மிரட்டுற வேலை இந்த வண்டிக்குள்ள நடக்காது. இங்க காய் செல்லாது. காய் விடணும்னா இறங்கி நடந்து போய் விட்டுக்கோங்க."

சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று கை தூக்கியது. "ஆன்ட்டி, பழம் செல்லுமா?"

"பழமும் செல்லாது!"

வேன் கொல்லென்று சிரித்தது. மகாராணியின் கூட்டத்திலேயே ஒருத்தி சிரித்துவிட்டு, மகாராணி முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது பட்டாணி எழுந்தாள். அம்மா சொல்லவில்லை, கண்கூடக் காட்டவில்லை. தானாக எழுந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த புதுசின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் இங்க உக்காரட்டுமா?"

புதுசு பையைத் தூக்கிப் பக்கத்து இடத்தில் வைத்தாள். "இங்கயும் ஆளு வருது."

வேனில் எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

"நான்... காலையில நான் சொன்னது பொய். எனக்கு உன்னைப் பிடிக்கும். பயத்துல சொல்லிட்டேன். மன்னிச்சிடு."

"உங்கம்மா திட்டினதுக்காக வந்து உக்கார வேணாம். பாவம் பார்த்தும் உக்கார வேணாம். எனக்கு அந்த மாதிரி ஃப்ரெண்டு தேவையில்ல."

"அம்மா சொல்லல. நிஜமா."

புதுசு அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "யோசிச்சு சொல்றேன்" என்றாள். பையை எடுக்கவில்லை.

பட்டாணி நடுவில் நின்றாள். பின்னால் புதுசின் பை. முன்னால் மகாராணி தன் பக்கத்தில் இடம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வா என்று தலையை ஆட்டவும் செய்தாள். ரெண்டு எட்டு வைத்துப் போய் உட்கார்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். டிரைவரம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். 

பட்டாணி மகாராணியைத் தாண்டி வந்தாள். டிரைவர் பக்கத்து சீட்டில் தண்ணீர் கேனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். வண்டி கிளம்பியது. சிக்னலில் நின்றபோது அம்மா மகளின் முழங்காலில் கை வைத்தாள். பட்டாணி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

வீட்டில் டிரைவரம்மாவின் கணவர் அப்போதுதான் வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்களை எல்லாம் மேலேயும் கீழேயும் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனுஷர், தன் அக்காவின் முன்னால் மட்டும் நடு மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டு மாதிரி நின்றுவிடுவார். நடந்ததையெல்லாம் கேட்டார். நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"உங்க அக்காகிட்டேருந்து போன் வரும்" என்றாள் டிரைவரம்மா.

போன் வரவில்லை. அக்காவே வந்துவிட்டாள், மகாராணியைக் கையோடு இழுத்துக்கொண்டு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் பொண்ணை ஊர் பார்க்க வேன்ல வெச்சு அவமானப்படுத்தியிருக்கா உன் பொண்டாட்டி. கேட்டியா நீ?"

"கேட்டேன்க்கா."

"கேட்டுட்டு சும்மா உக்காந்திருக்கே?"

"அண்ணி, நான் யார் பேரையும் சொல்லல" என்றாள் டிரைவரம்மா.

"பேர் சொன்னாத்தானா? எல்லாரும் இவளைத்தான் பார்த்தாங்களாம். சரி, பெரியவங்க நாம இதைப் பெருசு பண்ண வேணாம். உன் பொண்ணு இங்க வரட்டும். என் பொண்ணுகிட்ட ஒரு பழம் சொல்லட்டும். அந்தப் புதுப் பொண்ணோட சகவாசம் வேணாம்னு சொல்லட்டும். நான் எல்லாத்தையும் மறந்துடறேன். இல்லேன்னா நாளைலேருந்து என் பொண்ணு இந்த வண்டியில ஏற மாட்டா. மத்த மூணு பேரோட அம்மாவும் என் பேச்சைத் தட்ட மாட்டாங்க, தெரியுமில்ல?"

தெரியும். மாதம் பிறந்தால் வண்டிக்குக் கட்ட வேண்டிய தவணையும் தெரியும்.  நேற்றைய டிரைவரம்மாவாக இருந்தால் இந்நேரம் மகளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருப்பாள்.

"பட்டாணி" என்று கூப்பிட்டாள். மகள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். "அத்தை கேக்கறாங்க. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. நேத்து நான் சொன்னதைத் தூக்கிக் குப்பையில போடு. நான் சொன்னது தப்பு."

பட்டாணி அத்தையைப் பார்க்கவில்லை. மகாராணியைப் பார்த்தாள்.

"நீ எனக்கு அத்தை பொண்ணு. அது நீ காய் விட்டாலும் போகாது, பழம் சொன்னாலும் கூடிடாது. ஆனா ஃப்ரெண்டுங்கறது வேற. இன்னொருத்தியை அழ வெச்சாத்தான் நீ எனக்கு ஃப்ரெண்டுன்னா, வேணாம். நான் தனியாவே உக்காந்துக்கறேன். பழம் சொல்ல மாட்டேன்."

"பார்த்தியா வாயை!" என்றாள் அத்தை. "அந்தப் புதுப் பொண்ணே உன்னோட சேர மாட்டேன்னுட்டா, தெரியுமில்ல? இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. உன்னோட பேச ஒரு நாதி இருக்காது அந்த வகுப்புல!"

"தெரியும் அத்தை."

குரல் உடைந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.  டிரைவரம்மாவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டால் மகள் தானாக நின்றதாக ஆகாதே என்று அடக்கிக்கொண்டாள்.

நாத்தனார் தம்பியின் பக்கம் திரும்பினாள். கடைசி அஸ்திரம் எப்போதும் அவரிடம்தான்.

"ஆகட்டும். எனக்கு மனசு சரியில்லடா. இனிமே உங்க வீட்டுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. நானும் வர மாட்டேன், நீங்களும் வராதீங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வாசல் கேட் வரைக்கும் போய், அங்கே நின்றாள். தம்பி பின்னாலேயே "அக்கா, அக்கா" என்று ஓடி வர வேண்டிய இடம் அது. இத்தனை வருஷமும் அவர் ஓடித்தான் போயிருக்கிறார்.

அவர் எழுந்தார்.  போய்விட்டார், அவ்வளவுதான் என்று டிரைவரம்மா நினைத்தாள்.

அவர் வாசற்படி வரை வந்தார். செருப்பைப் போடவில்லை.

"சரிக்கா" என்றார்.

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. "என்னடா சொன்னே?"

"சரின்னேன். உனக்கு எப்ப பேசணும்னு தோணுதோ அப்ப வா. கதவு தெறந்துதான் இருக்கும். ஆனா நான் வந்து நிக்க மாட்டேன். யாரையும் தள்ளி வைக்கவும் மாட்டேன். நாளைக்கு நாங்க தம்பி வீட்டுக்குப் போறோம். அவன் பொண்டாட்டியைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

 டிரைவரம்மா போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷரை அவளுக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

"வாடி போகலாம்!" என்று நாத்தனார் கேட்டைத் திறந்தாள்.

மகாராணி நகரவில்லை. கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். காலையில் கலையாமல் இருந்த பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது.

"வர்றியா, இல்லையாடி?"

"வரல" என்றாள் மகாராணி. கேட் வரைக்கும் கேட்டிருக்காது. வாசற்படியில் நின்ற டிரைவரம்மாவுக்குத்தான் கேட்டது.

"என்ன முணுமுணுப்பு அங்க? சத்தமா சொல்லு!"

"வரலம்மா! நான் வந்தா நீ என்னோடயும் பேச மாட்டே. அவளைப் பழம் சொல்ல வைக்கலேன்னா என்னோடயும் பேச மாட்டேன்னு வழியில சொன்னியே!"

கேட் தடாரென்று சாத்திக்கொண்டது. ஆட்டோ ஒன்றைக் கைதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஆட்டோ கிளம்பும் சத்தமும் கேட்டது. பெற்ற பெண்ணைப் பத்து விநாடிகூட நின்று பார்க்கவில்லை.

மகாராணி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். டிரைவரம்மாவும் கணவரும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ரெண்டு பேரும் பட்டாணியைப் பார்த்தார்கள்.

பட்டாணி கிட்டே போகவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. மூக்கை உறிஞ்சினாள். சமையலறைக்குள் போனாள், ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து மகாராணியின் கையெட்டும் தூரத்தில் மேஜையில் வைத்தாள்.

"குடி" என்றாள். "நாளைக்கு சலவைக்கடை ஸ்டாப்புல ஏறுவாளே, அவகிட்ட நீ என்ன சொல்லப் போறேன்னு யோசி."